காய்ச்சல் கணக்கில் வராத கால் நோ

காய்ச்சல் என்றால் மூன்று நாள், மிஞ்சினால் ஏழு நாள் என்பது எங்கள் வீடுகளில் பரம்பரையாக வழங்கிவரும் கணக்கு. கொத்தமல்லி அவித்த தண்ணீர், கஞ்சி, இரண்டு பனடோல், ஒரு போர்வை. காய்ச்சல் விட்டு, தலைக்கு வெந்நீர் வார்த்துக் குளித்துவிட்டால் நோயாளி என்ற பதவி அன்றோடு பறிபோய்விடும். மறுநாள் வேலைக்குப் போகவேண்டும். போகாதவனுக்குச் சோம்பேறி என்று பெயர்.

இந்தக் கணக்குக்குள் அடங்காத காய்ச்சல் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் கடைசியில் அது இலங்கைக்குத் திரும்பி வந்தபோது அதன் பெயரை உச்சரிக்கவே பலருக்குச் சில வாரங்கள் பிடித்தன. பத்திரிகைகளில் இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டது. பெயரிலே 'சிக்கன்' இருப்பதாக எண்ணிக் கோழிக்கறியை ஒதுக்கியவர்களையும் நான் அறிவேன். சிக்குன்குனியா என்ற அந்தக் காய்ச்சல் நான்கைந்து நாட்களில் விட்டுவிடும். விடாதது காலில் தங்கிவிடும் நோ. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

2024ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பு, கம்பஹா, கண்டிப் பகுதிகளில் இந்நோய் மீண்டும் தலைகாட்டியது. ஏறத்தாழ பதினாறு ஆண்டுகளாகப் பெரும் பரவல் இல்லாதிருந்ததால், இடையில் பிறந்த பிள்ளைகள் எவருக்கும் எதிர்ப்பாற்றல் இருக்கவில்லை. முன்னர் தப்பித்த என்னைப் போன்ற கிழங்களுக்கும் இருக்கவில்லை. 2025 மார்ச்சில் என்னையும் பிடித்தது. நான்கு நாள் கிடந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இல்லை. ஓராண்டு கடந்தும் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்து அடி வைப்பது எனக்கு ஒரு காரியமாகவே இருக்கிறது. குதிக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கும். அரை மணித்தியாலம் நடமாடினால் இளகும். பின்னர் பஸ்ஸின் முதற்படியில் ஏறும்போது, தான் அங்கேதான் இருப்பதாக மறுபடி நினைவூட்டும். கோவிலில் சப்பாணி கட்டி இருந்து எழும்புவதற்கு இப்போது தூணைத் தேடவேண்டியிருக்கிறது.

இவ்வளவும் சொல்வது அனுதாபத்துக்காக அல்ல. எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரன் ஒருவனின் கால் நோவினால் நாட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. கதிரையில் இருந்து எழுதுவதற்குக் கால் தேவையுமில்லை. காலைக்கொண்டு சீவிப்பவர்களுக்கு இதே நோ வரும்போது என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

நோவைச் சொல்வதற்கு எங்கள் மொழியில் சொற்பஞ்சம் கிடையாது. யாழ்ப்பாணத்தார் இதை நோ என்பார்கள், உளைவு என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. நோ ஓரிடத்தில் நிற்பது. உளைவு கால் முழுவதும் பரவி, எப்படி வைத்தாலும் இருக்கவிடாமல் செய்வது. மலைநாட்டில் கடுப்பு, குடைச்சல் என்பார்கள். விறைப்பு வேறு, பிடிப்பு வேறு, குத்து வேறு, உள்ளங்கால் எரிவு வேறு. இத்தனை சொற்களுடன் ஒரு நோயாளி வைத்தியருக்கு முன்னால் அமர்ந்து விபரிக்க, வைத்தியர் துண்டில் ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல்லை எழுதுகிறார். நான் சென்ற தனியார் சிகிச்சை நிலையமொன்றில் அந்தச் சொல்கூட எழுதப்படவில்லை. "ஐயாவுக்கு வயசாகிவிட்டதல்லவா?" என்றார் இளம் வைத்தியர், மிக மரியாதையாக. நோய் பிடிப்பதற்கு முதல் வாரமும் எனக்கு அதே வயதுதான் என்று சொன்னேன். சிரித்தார். ஆள் நல்லவர், வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர் என்பது கவனிக்கவேண்டியது. 1952இல் இன்றைய தான்சானியாவின் தெற்கேயுள்ள மக்கொண்டே மேட்டுநிலத்தில் பெருவாரியாகப் பரவியபோது, அங்குள்ள மக்கள் தங்கள் மக்கொண்டே மொழியில் அதை 'வளைத்துவிடுவது' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். (இதைச் சுவாகிலிச் சொல் என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள்.) அந்த மக்கள் காய்ச்சலை வைத்துப் பெயரிடவில்லை. நிமிர்ந்து நடந்தவன் குனிந்து நடப்பதைப் பார்த்துப் பெயரிட்டார்கள். 1827, 1828ஆம் ஆண்டுகளில் கரீபியன் தீவுகளில் இதைப்போன்ற ஒரு நோய் பரவியபோது, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் அதற்கு 'டான்டிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்களாம். நோயாளியின் விறைத்த நடை, இறுக்கமான உடுப்புப் போட்ட சீமான்களின் மிடுக்கு நடைபோல் இருந்ததனால் வந்த கேலிப்பெயர் அது. வேதனையில் கிடந்தும் எசமானைக் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

1960களில் வேலூரில் இந்த வைரஸை ஆராய்ந்த டொனால்ட் கேரி, 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஏடுகளில் டெங்கு என்று பதிவான பல பரவல்கள் உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்பது அவரது வாதம். அதற்கு அவர் கொண்ட முக்கிய சான்று, காய்ச்சல் நின்றபின்னும் நீடித்த மூட்டு நோ பற்றிய அக்காலக் குறிப்புகள். அதாவது இந்நோயின் கையொப்பம் காய்ச்சலில் இல்லை, அதன் பின்னால் வருவதில் இருக்கிறது. ஆனால் எங்கள் சுகாதாரப் பதிவேடுகள் கையொப்பத்தைப் பாராமல் கடித உறையை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

நோயின் உட்புறத்தைப் பற்றி விஞ்ஞானம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருப்பதால் இது அவசியமாகிறது. 2007இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டு நோயாளிகளின் தசையிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். தசைநார் பழுதடைந்தால் அதைத் திருத்துவதற்கென்று அதன் ஓரத்தில் ஒருவகைக் கலங்கள் உண்டு. வைரஸ் அந்தக் கலங்களுக்குள்ளேயே புகுந்திருந்தது. 2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நோய்வாய்ப்பட்டுப் பதினெட்டு மாதங்களான ஒருவரின் மூட்டுச் சவ்வில் வைரஸின் எச்சங்கள் காணப்பட்டன. அவை அங்கே உடலின் எதிர்ப்புப் படையைத் தொடர்ந்து தூண்டிக்கொண்டிருக்கலாம் என்று கருதுகிறார்கள். மூட்டு வீங்கினால் அதைச் சுற்றியுள்ள தசைநாண் வீங்கும். நோவுக்குப் பயந்து காலை அசைக்காமல் விட்டால் தசை மெலியும். மெலிந்த தசை கொஞ்ச நடைக்கே களைத்து உளையும். ஆகவே கெண்டைக்காலின் உளைவு பாதி வைரஸின் வேலை, பாதி படுக்கையின் வேலை.

எத்தனை பேருக்கு இப்படி நீடிக்கிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகிறது. சில இடங்களில் மூன்றில் ஒருவர், சில இடங்களில் பாதிப்பேர் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் நோவுடன் இருந்திருக்கிறார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், முன்னரே மூட்டு நோ இருந்தவர்கள், தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு நீடிக்கும் வாய்ப்புக் கூட என்பதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடில்லை.

2006 நவம்பர், டிசம்பர் மாதங்களுக்குத் திரும்புகிறேன். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, புத்தளம், கொழும்பு என்று கரையோரமாக நோய் பரவியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 பாதை மூடப்பட்டுவிட்டது. குடாநாட்டில் உணவும் மருந்தும் கப்பலை நம்பியிருந்த காலம். அங்கிருந்து தொலைபேசியில் பேசிய எங்கள் செய்தியாளர் ஒருவர், வீட்டுக்கு வீடு ஆட்கள் சுவரைப் பிடித்து நடக்கிறார்கள் என்றார். குடாநாட்டில் சைக்கிள்தான் வாகனம். ஒவ்வொரு காவலரணிலும் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிச்சென்று, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி ஏறவேண்டும். கால் மடங்காதவனுக்கு இறங்குவதும் ஏறுவதும் எவ்வளவு பெரிய வேலை என்பதை, அனுபவித்தவர்கள் அறிவார்கள். நொண்டி நடப்பவனைக் காயம்பட்டவன் என்று சந்தேகித்துக் கேள்வி கேட்ட காலமும் அதுவே. கண்ணிவெடிகளும் விமானக் குண்டுவீச்சும் முதற்பக்கத்தை நிரப்பிய நாட்களில், கொல்லாத ஒரு நோய்க்கு உள்பக்கத்தில் நான்கு அங்குலம் கிடைத்ததே பெரிது.

கொல்லாத நோய் என்று எழுதிவிட்டேன். அதுவும் முழு உண்மையல்ல. 2006இல் இந்தியாவில் சுமார் 13 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்கு இந்நோய் வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. நேரடியாக அதனால் இறந்தவர் எவருமில்லை என்பதே அரசின் நிலைப்பாடாக இருந்தது. ஆனால் அகமதாபாத் நகரில் அந்த ஆண்டு ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை பதிவான மரணங்களை முந்திய ஆண்டுகளுடன் ஒப்பிட்ட ஆய்வு, வழமையாக எதிர்பார்க்கக்கூடியதைவிட 2,944 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்திருப்பதைக் காட்டியது. 2008இல் அது வெளிவந்தது. அத்தனையும் சிக்குன்குனியாவால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், எண்ணாதிருந்தால் எண் பூச்சியமாகவே இருக்கும் என்பது தெரிகிறது. மரணத்தையே எண்ணாமல் விடக்கூடிய நிருவாகம் கெண்டைக்கால் உளைவை எண்ணும் என்று எதிர்பார்ப்பது பேராசைதான்.

2008இல் நோய் மலையடிவாரங்களுக்கு ஏறியது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பரவிய வைரஸில், அதன் மேலுறைப் புரதத்தின் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்தச் சிறு மாற்றத்தால், வீடுகளை அண்டி வாழும் நுளம்பைவிடத் தோட்டங்களிலும் பற்றைகளிலும் வாழும் ஆசியப் புலி நுளம்பின் உடலில் அது இலகுவாகப் பெருகக்கூடியதாயிற்று. புலி நுளம்புக்கு இறப்பர்த் தோட்டத்தைப்போல் வசதியான இடம் கிடையாது. ஒவ்வொரு மரத்திலும் பால் ஏந்தும் சிரட்டை. மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றுவிட்டால் சிரட்டைகளில் நீர் நிற்கும். இதற்கு முந்திய ஆண்டு கேரளத்தின் இறப்பர் மாவட்டங்களிலும் இதே கதைதான் நடந்தது.

அந்த ஆண்டு கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். பால் வெட்டும் பெண் ஒருவர், நாற்பது வயதிருக்கும், லயன் வாசலில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகிவிட்டது. "மலை ஏறிருவேங்க ஐயா, எறங்கத்தான் முடியல. வாளியோட எறங்கினா முழங்கால் தானா மடங்கிப்போகுது" என்றார். இறப்பர் வெட்டுவது தெரியாத வாசகர்களுக்காக: ஒரு தொழிலாளி விடியும் முன்னரே புறப்பட்டு 250 முதல் 300 மரங்கள்வரை வெட்டவேண்டும். வெட்டும் இடம் தாழ்வாக இருந்தால் மரத்துக்கு மரம் குனிந்து நிமிரவேண்டும். முடித்தபின், அதே சரிவில் அதே மரங்களுக்குத் திரும்பிச் சென்று பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து நிறுவைக்கு வரவேண்டும். காலும் நாரியும் அன்றி வேறு மூலதனம் இல்லாத தொழில்.

அவருடைய சம்பளத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. போய், குறித்த அளவு பால் கொண்டுவராத நாளுக்கு அரைப் பேர். இது பழைய கதை. இதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. 2006ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளத்தின் ஒரு பகுதி வரவுக் கொடுப்பனவாக இருந்தது. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதத்துக்குக் குறையாமல் வந்திருந்தால்தான் அது கிடைக்கும். ஆகவே மாதத்தில் எட்டுப் பத்து நாட்கள் கால் இழுத்துக்கொண்டவருக்கு, வராத நாட்களின் சம்பளம் மட்டுமன்றி வந்த நாட்களுக்குரிய கொடுப்பனவும் போயிற்று. நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்த அந்தப் பதினைந்து நாட்களுக்கும் சேர்த்துத் தண்டனை. 2019 ஒப்பந்தத்தில் அந்தக் கொடுப்பனவு முறை நீக்கப்பட்டது. அரைப் பேர் நீங்கவில்லை.

காய்ச்சல் இருந்தபோது தோட்டத்து மருந்துக்காரர் அவருக்குத் துண்டு கொடுத்திருந்தார். காய்ச்சல் விட்டபின் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு அவரிடம் பெயர் இருக்கவில்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் எண் வருகிறது. எண் வந்தால் துண்டு எழுதலாம். கால் உளைவுக்கு வெப்பமானி ஏது?

தோட்டத்தில் மட்டும்தான் இப்படி என்றில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சுகவீனம் உள்ளிட்ட சொந்தக் காரணங்களுக்கு ஆண்டொன்றில் வழங்குவது ஏழு நாள் விடுமுறை. எங்கள் பாட்டிமாரின் காய்ச்சல் கணக்கும் சட்டத்தின் கணக்கும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். புறக்கோட்டைப் புடவைக் கடையொன்றில் காலை முதல் இரவுவரை நின்றபடி விற்கும் பிள்ளைக்கு அந்த ஏழு நாளும் காய்ச்சலோடு தீர்ந்துவிடுகிறது. எட்டாம் நாள் முதல் அவள் நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவளுடைய சொந்தக் கணக்கில்.

எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இந்து சமுத்திரத்தில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட றீயூனியன் தீவில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 2 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்கு நோய் வந்தது. அங்குள்ள சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரின் வழித்தோன்றல்களும் அத்தீவில் கணிசமாக வாழ்கிறார்கள். பிரான்சின் வைத்தியர்கள் அந்த மக்களைக் காய்ச்சலுடன் விட்டுவிடாமல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதன் பயனாக 2014இல் அங்கு வகுக்கப்பட்ட வழிகாட்டல் இந்நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் மூன்று வாரங்கள் ஒன்று, அதிலிருந்து மூன்றாம் மாத முடிவுவரை இன்னொன்று, அதற்கப்பால் நாட்பட்ட நிலை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சிகிச்சை. 2025இல் நோய் அத்தீவுக்குத் திரும்பி வந்தபோது, ஆறாம் மாதத்தில் நொண்டிவரும் ஒருவருக்கு என்ன நோய் என்று வைத்தியரும் நோயாளியும் பேசுவதற்கு ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது.

கொவிட்-19இன் கதையும் இத்தகையதே. 2020 மே மாதத்தில் நோயாளிகளே தங்கள் நீடித்த துன்பத்துக்கு 'நீள் கொவிட்' என்ற பொருளில் ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். 2021 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை வகுத்தது. தசை நோ, களைப்பு, கொஞ்சம் நடந்தால் மறுநாள் எழமுடியாமை ஆகியவற்றை அதற்குமேல் எவரும் எளிதில் மனப்பிரமை என்று ஒதுக்க முடியவில்லை. பெயர் வந்த பின்னால் சிகிச்சை நிலையங்கள் வந்தன, ஆய்வுக்குப் பணம் வந்தது, சில நாடுகளில் விடுமுறையும் வந்தது. இவற்றை நான் குறைசொல்லவில்லை. இலண்டனிலும் நியூயோர்க்கிலும் படித்தவர்களுக்கும் வைத்தியர்களுக்குமே அந்த நோய் வந்தது. ஆகவே பதினெட்டு மாதங்களில் பெயர் கிடைத்துவிட்டது. மக்கொண்டேக் குடியானவனுக்கும் கேகாலைப் பால் வெட்டுக்காரிக்கும் வந்த நோவு அதற்கு முன்பே அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. பெயர் அவர்கள் வைத்ததுதான். அதன் பொருளை எவரும் கேட்கவில்லை.

பெயரில்லாத இடத்தில் ஊசி நுழைந்துவிடுகிறது. இதைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். மாதக்கணக்கில் நோவுடன் அலைபவர்களிடம், ஒரே ஊசியில் நடக்கவைக்கிறேன் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஸ்டீரொயிட். மறுநாள் நடப்பார்கள் என்பது உண்மை. மருந்தின் வேகம் தணிந்ததும் நோ முன்னிலும் மோசமாகத் திரும்பும். அடுத்த ஊசிக்குப் போவார்கள். சீனி வியாதியும் அமுக்கமும் உள்ள எங்கள் சனத்துக்கு இது என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. நோ மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாளுக்கு மூன்று என்று மாதக்கணக்கில் விழுங்குவதும் அவ்வாறே. அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காய்ச்சல் இருக்கும் முதல் நாட்களிலோ, டெங்கு அல்ல என்று உறுதியாகும்வரை பனடோல் தவிர்ந்த நோ மாத்திரைகளைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவுக்கு வழிவகுத்துவிடும்.

வேண்டுவது பெரிய காரியமல்ல. புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டுக் கடன் வேண்டாம். நோயாளி காய்ச்சலுடன் வரும் முதல் நாளிலேயே, இந்த நோ மாதக்கணக்கில் இருக்கக்கூடும், பயப்படவேண்டாம், பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறையும் என்று அவருடைய மொழியில் ஒருவர் சொல்லவேண்டும். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நோய் உறுதிசெய்யப்பட்டவர்களை மூன்றாம் மாத முடிவில் மறுபடி அழைத்து, நடக்கிறாரா, குந்தி எழும்புகிறாரா, வேலைக்குத் திரும்பிவிட்டாரா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிவேட்டில் இன்னொரு நிரலில் எழுதவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநலத் தாதியரும் வீடு வீடாகச் செல்லும் நாடு இது. ஏழை நாடுகளில் எங்களைப்போல் அந்த வசதி உள்ளவர்கள் குறைவு. அந்த நிரலில் எண்கள் நிரம்பினால், தோட்ட மருந்துக்காரர் துண்டு எழுதுவதற்கும், இலகுவேலை கேட்டுத் தொழிற்சங்கம் பேசுவதற்கும் பிடிமானம் கிடைக்கும். சரிவில் ஏறுபவரை இரண்டு மாதம் கீழே நிறுவையிலோ தவறணையிலோ வைத்துக்கொள்வதால் எந்தக் கம்பனியும் மூழ்கிவிடாது. இத்தனை ஆண்டுகளில் கூட்டு ஒப்பந்த மேசையில் ரூபாய்க்காக நடந்த இழுபறிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். காய்ச்சலுக்குப் பின்னான இலகுவேலை என்ற சொல் அந்த மேசையில் ஒருமுறையேனும் உச்சரிக்கப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இப்போது நோவுடன் இருக்கும் வாசகர்களுக்கு, என்னைப் பார்க்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொல்லித்தந்ததையும் எழுதிவிடுகிறேன். கட்டிலைவிட்டு இறங்குமுன், படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னுமாக இருபது தடவை அசைக்கவேண்டும். காலையில் வெந்நீரில் கால் வைத்தால் விறைப்பு இளகும். ஆனால் சீனி வியாதியால் பாதம் மரத்தவர்கள் சூட்டை மற்றொருவரின் கையால் பார்த்துக்கொள்ளவேண்டும். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியை ஐந்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டாகக் கூட்டலாம். ஒரேயடியாக நடந்துவிட்டு மறுநாள் படுத்துவிடாமல், நாளுக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடமாக நடப்பது நல்லது. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடவேண்டும். மூன்று மாதத்துக்குப் பின்னரும் கரண்டைக்காலோ விரல் மூட்டோ வீங்கி, காலை விறைப்பு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால், மூட்டுவாத வைத்திய நிபுணரைப் பார்க்கவேண்டும். சிலருக்கு இது மூட்டுவாதத்தைப் போலவே மாறிவிடுகிறது. அதற்குரிய மருந்துகள் உண்டு. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து சூடேறினால் அது வேறு சங்கதி. இரத்தம் உறைந்திருக்கக்கூடும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது, காய்ச்சல் பிடித்த திகதியையும், அன்றுமுதல் வேலைக்குப் போகமுடியாமற்போன நாட்களையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். அதையும் துண்டில் குறிக்கும்படி கேளுங்கள்.